கூரையைப் பார்த்துவிட்டு மீட்டரைப் பாருங்கள்

மதுரை மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும், மாமன்றத்தின் நூறு வார்டு உறுப்பினர்களுக்கும், தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தின் மதுரை மண்டல அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் மதுரையில் வீடுகளுக்கு வயரிங்கும் ரிப்பேரும் பார்க்கிற எலக்ட்ரீஷியன். பங்குனி பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பெரும்பாலானவை ஒரே ரகம். "அண்ணே, கரண்டு பில்லு எக்கச்சக்கமா வந்திருக்கு, மீட்டர் ஏதும் தப்பா ஓடுதான்னு வந்து பாருங்க." போய் டாங் டெஸ்டரை, அதாவது ஒயரைக் கவ்விப் பிடித்துக் கரண்டை அளக்கிற கருவியை, மாட்டிப் பார்ப்பேன். சில இடங்களில் கரண்டு எர்த்தில் கசியும், சில இடங்களில் போர் மோட்டார் அளவுக்குமேல் இழுக்கும். மற்ற வீடுகளில் மீட்டர்மேல் ஒரு குற்றமும் இருக்காது. ஃபேன் ராப்பகலாகச் சுற்றுகிறது, ஏசியின் கம்ப்ரசர் கட் ஆகாமல் ஓடுகிறது, அவ்வளவுதான். அவை ஏன் அப்படி ஓடுகின்றன என்று கேட்டால் பதில் தலைக்கு மேலே இருக்கிறது. அந்தத் தளத்தை யாரும் ஏறிப் பார்ப்பதில்லை.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதுரையில் ஏற்கெனவே கட்டி முடித்து மக்கள் குடியிருக்கும் வீடுகளுக்கு, வார்டு வார்டாக ஆற்றல் தணிக்கை நடத்துங்கள். கரண்டு எங்கே போகிறது, வெயில் எந்த வழியாக உள்ளே வருகிறது, எதை என்ன செலவில் சரிசெய்யலாம் என்று ஆள் வந்து பார்த்து, தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தாளில் முதல் வேலை பெரும்பாலும் கூரையாகத்தான் இருக்கும். தகரம், ஆஸ்பெஸ்டாஸ், வெறும் கான்கிரீட் மேல்தளம் ஆகியவற்றின் கீழே வசிக்கிற, கையில் காசில்லாத குடும்பங்களுக்கு அந்த முதல் வேலையை நீங்களே செய்து கொடுங்கள்.

ஏன் கூரைக்கு இவ்வளவு முக்கியத்துவம் கொடுக்கிறேன் என்றால், மதுரை இருக்கிற இடம் அப்படி. நாம் பூமத்திய ரேகைக்குச் சுமார் பத்து டிகிரி வடக்கே இருக்கிறோம். சித்திரை பிறக்கிற சமயத்திலும், மறுபடி ஆவணியிலும், நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிற்கும். தெளிந்த வானத்தில் அந்த நேரம் ஒரு சதுர மீட்டர் மொட்டை மாடியில் விழும் வெயில் ஏறக்குறைய 1,000 வாட். 600 சதுர அடி மாடி என்றால் 55 சதுர மீட்டர். அதாவது 55 கிலோவாட் வெப்பம் ஒரு சின்ன வீட்டின் தலையில் இறங்குகிறது. வடக்குச் சுவரும் தெற்குச் சுவரும் அந்த மாதங்களில் வாங்குவது மிகக் குறைவு. மேற்குச் சுவர் சாயங்காலத்தில் படுத்தும், அதற்குச் சன்ஷேடோ வேப்ப மரமோ உதவும். கூரைக்கு அப்படி நிழல் தர யாருமில்லை.

பாசி படிந்து கறுத்த சிமெண்டுத் தளம் இந்த வெயிலில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். நல்ல வெள்ளைப் பூச்சு, பூசின புதிதில், முக்கால் பங்குக்குமேல் வானத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். கான்கிரீட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. வாங்கின சூட்டை உடனே கீழே விடாது. சில மணி நேரம் வைத்திருந்து, மாலையிலும் முன்னிரவிலும் மெதுவாக உள்ளே இறக்கும். வெளியே காற்று ஓரளவு தணிந்த பிறகும் அறைக்குள் அனல் அடிப்பது அதனால்தான். வேலை முடித்து வந்தவர் சாப்பிட்டுப் படுக்கிற நேரம், பிள்ளைகள் படிக்கிற நேரம், அதுதான் தளம் சூட்டை விடுகிற நேரமும். ஃபேன் போட்டால் அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளும். முன்பெல்லாம் பாயைச் சுருட்டிக்கொண்டு மாடிக்குப் போய்ப் படுப்பார்கள். கொசுவும் திருட்டுப் பயமும் அதையும் நிறுத்திவிட்டன.

நம் ஊரின் பழைய கட்டுமானம் இதற்கு வழி செய்திருந்தது. மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் இன்னும் நிற்கிற பழைய வீடுகளில் மெட்ராஸ் ஒட்டுத் தளம் பார்க்கலாம். தேக்கு உத்தரக் கட்டைகளின்மேல் சன்னச் செங்கல்லைச் சாய்வாக அடுக்கி, சுண்ணாம்புக் கலவை போட்டு, அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கெட்டித்து, கடைசியில் தட்டோடு என்கிற தட்டையான சுட்ட ஓட்டைப் பதிப்பார்கள். கடுக்காய்த் தண்ணீர் ஊற்றி அரைத்த கலவை. அந்த வீட்டுக்குள் மே மாதத்தில் வேலைக்குப் போனால் எனக்கே வெளியே வர மனசு வராது. 1636-இல் கட்டிய திருமலை நாயக்கர் மகாலுக்குள் வெயில் நேரத்தில் போய் நின்றவர்களுக்கும் இது தெரியும். இப்போது செலவைச் சுருக்குவதற்காகத் தளத்துக்குமேல் போடும் சுண்ணாம்புத் தளத்தையும் தட்டோட்டையும் விட்டுவிடுகிறார்கள். சிமெண்டு பூசி, தண்ணீர் ஒழுகவில்லை என்றால் போதும் என்று இறங்கிவிடுகிறார்கள். அப்படிக் கட்டிய வீடுகள் ஆனையூரிலும் அவனியாபுரத்திலும் வில்லாபுரத்திலும் தெருத்தெருவாக நிற்கின்றன. அவற்றை இடித்துக் கட்ட முடியாது. இருக்கிறதைத்தான் சீர்செய்ய வேண்டும்.

சட்டம் இந்த வீடுகளை மறந்துவிட்டது என்பதுதான் என் பெரிய ஆதங்கம். ஆற்றல் சிக்கனச் சட்டம் 2001-இல் வந்தது. அதன்கீழ் 2002-இல் ஆற்றல் திறன் பணியகம் அமைந்தது. 2006-இல் மின்சாதனங்களுக்கு நட்சத்திரக் குறியீடு வந்தது. பெரிய ஆலைகளுக்குக் கட்டாயத் தணிக்கை உண்டு. 2018 டிசம்பரில் வீடுகளுக்கென்றே 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதித்தொகுப்பும் வந்தது. கூரை வழியாக இவ்வளவுதான் வெப்பம் இறங்கலாம் என்று அதில் வரம்பு இருக்கிறது. வெறும் கான்கிரீட் தளம் அந்த வரம்புக்குள் வரவே வராது. ஆனால் அந்த விதி இனிமேல் கட்டப்போகிற வீடுகளை மனத்தில் வைத்து எழுதியது. மதுரையில் அடுத்த முப்பது வருஷம் மக்கள் குடியிருக்கப் போவது பெரும்பாலும் இன்றைக்கு இருக்கிற வீடுகளில். அவற்றுக்குப் பொறுப்பு யார்?

குளிர் நாடுகளில் இந்த வேலை பழகிப்போன ஒன்று. அமெரிக்காவில் வருமானம் குறைந்த குடும்பங்களின் வீடுகளைச் சோதித்து, காற்றுக் கசிவை அடைத்து, கூரைக்கு வெப்பத்தடுப்பு போட்டுக் கொடுக்கும் அரசுத் திட்டம் 1976 முதல் நடக்கிறது. வாசல் கதவில் பெரிய விசிறியைப் பொருத்தி வீட்டுக் காற்றை வெளியே இழுத்து, எந்த இடுக்கு வழியாகக் காற்று நுழைகிறது என்று தேடுவார்கள். அங்கே எதிரி குளிர், சூடு வெளியே போய்விடக் கூடாது. நமக்கு நேர்மாறு. அந்தக் கருவிகளும் அந்தப் பட்டியலும் நமக்கு அப்படியே ஆகாது. காற்று வரும் வழியை மதுரையில் அடைத்தால் மூச்சு முட்டும். எடுத்துக்கொள்ள வேண்டியது முறையை மட்டும்தான்: ஆள் வந்து அளந்து பார்ப்பது, முதலில் செய்ய வேண்டியதை முதலில் எழுதுவது, வசதியில்லாத வீட்டுக்கு அரசே செய்து கொடுப்பது.

இன்னொன்றையும் அங்கிருந்து கற்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விற்கிற வீட்டுக்கும் வாடகைக்கு விடுகிற வீட்டுக்கும் ஏ முதல் ஜி வரை ஆற்றல் தரம் உண்டு. 2018 ஏப்ரல் முதல், விதிவிலக்குப் பெற்ற சில வீடுகள் தவிர, இ தரத்துக்குக் கீழே உள்ள வீட்டைப் புதிதாக வாடகைக்கு விட முடியாது. இதை நான் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் நம் காம்பவுண்டு வீடுகள்.

உங்களில் பலருக்கு அவை தெரிந்திருக்கும், சிலர் அங்கேயே வளர்ந்திருப்பீர்கள். ஒரே வாசல், உள்ளே வரிசையாக ஆறு குடித்தனம், எட்டுக் குடித்தனம். செல்லூரிலும் ஜெய்ஹிந்துபுரத்திலும் தத்தனேரியிலும் இப்படி எத்தனையோ. கீழே தளம் போட்ட வீடு, மாடியில் ஷீட் போட்டு இன்னும் இரண்டு குடித்தனம். மெயின் மீட்டர் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும், குடியிருப்பவர்களுக்குச் சப்-மீட்டர். யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவர் சொல்வதுதான் கட்டணம். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்ற சலுகை சப்-மீட்டர்க் குடித்தனத்துக்குப் போய்ச் சேருவதில்லை. ஷீட்டுக்குக் கீழே மத்தியானம் முழுக்க உட்கார்ந்து தையல் மிஷின் மிதிக்கிற அக்காவும், அப்பளம் தேய்க்கிற அம்மாவும் ஊரிலேயே விலை கூடின கரண்டில் ஃபேன் ஓட்டுகிறார்கள்.

அந்த ஷீட்டுக்கு வெள்ளை அடித்தால் பலன் குடியிருப்பவருக்கு, செலவு வீட்டுக்காரருக்கு. பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருப்பவர் தன் கைக்காசைப் போட்டு அடுத்தவர் கூரைக்கு ஏன் பெயிண்டு வாங்குவார்? கரண்டுக் காசு தன் கையிலிருந்து போகாத வீட்டுக்காரர் ஏன் வாங்குவார்? இரண்டு பேர் கணக்கும் நியாயம்தான். அதனால் ஒருவரும் செய்வதில்லை. வீட்டுக்காரர்களைக் குறை சொல்லி நான் எழுதவில்லை. அந்த வாடகையை மட்டும் நம்பிக் காலம் தள்ளுகிற வயதானவர்கள் அவர்களில் நிறையப் பேர். இந்த முடிச்சை அவிழ்க்க மூன்றாவது ஆள் வேண்டும், அது மாநகராட்சிதான். வாடகைக்கு விட்ட வீட்டின் கூரையைச் சீர்செய்தவருக்கு ஓர் அரையாண்டுச் சொத்து வரியில் ஒரு பகுதியைக் கழித்துக் கொடுங்கள். அல்லது பூச்சையும் ஆளையும் நீங்களே அனுப்புங்கள், வீட்டுக்காரர் அனுமதி மட்டும் தரட்டும். இதில் எது நடக்கும் என்று உங்கள் வருவாய்ப் பிரிவுக்குத்தான் தெரியும், இரண்டில் ஒன்று நடந்தாக வேண்டும்.

தணிக்கை என்றால் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். பழகின ஆளுக்கு ஒரு வீட்டில் ஒன்றரை மணி நேர வேலை. கடந்த ஒரு வருஷத்துப் பில்களை வாங்கிப் பார்க்க வேண்டும். மாசியில் எடுத்த ரீடிங்கையும் ஆனியில் எடுத்த ரீடிங்கையும் பக்கத்தில் வைத்தால், வெயிலால் ஏறின செலவு எவ்வளவு என்று அதிலேயே தெரிந்துவிடும். அப்புறம் மாடி ஏற வேண்டும். தளத்தில் விரிசல் உண்டா, தட்டோடு உண்டா, தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்க்க வேண்டும். கீழே வந்து, தொடாமலே சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைச் சீலிங்குக்கு நேரே நீட்டிப் படிக்க வேண்டும். மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு தடவை, ராத்திரி எட்டு மணிக்கு ஒரு தடவை. இரண்டாவது தடவை வீட்டில் குடியிருப்பவரே அளந்து எழுதிவைக்கலாம். ஜன்னல் எந்தப் பக்கம், எதிர்க்காற்றுக்கு வழி உண்டா என்பதும் தாளில் ஏற வேண்டும். ஃப்ரிட்ஜ் கதவு ரப்பரில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்தால், சுலபமாக வந்துவிட்டால், ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம். கடைசியாக மெயின் போர்டில் டாங் டெஸ்டர். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் கரண்டு ஓடினால் எங்கோ கசிகிறது.

இதில் ஃபேனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏழை வீட்டுப் பில்லில் பாதி அதுதான். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். தினம் 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். பி.எல்.டி.சி. என்கிற, கரண்டு குறைவாக இழுக்கும் புது வகை மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட்டுக்குள் அதே காற்றைக் கொடுக்கும், அதே நேரத்துக்கு 29 யூனிட்டுக்குள் அடங்கும். மூன்று ஃபேனும் அப்படி ஓடுகிற வீட்டில் இரண்டு மாதத்துக்கு 130 யூனிட் மிச்சம். 250 யூனிட் காட்டுகிற மீட்டர் 120-க்கு இறங்கும். விலை சாதாரண ஃபேனைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு, அதனால்தான் தயங்குகிறார்கள். இன்னொரு தயக்கமும் நியாயமானது. அதன் சர்க்யூட் போர்டு போனால் தெருமுனைக் கடையில் வைண்டிங் கட்டிச் சரிசெய்ய முடியாது. மொத்தமாக வாங்கி, வாரண்டியைக் கறாராக எழுதி வாங்கி, கரண்டு பில்லோடு தவணையாகப் பிடித்துக்கொள்ளும் திட்டம் ஒன்றை மின் பகிர்மானக் கழகம் கொண்டுவந்தால் இரண்டு தயக்கமும் தீரும். எல்.இ.டி. பல்பை 2015-இல் மத்திய அரசு அப்படித்தான் மொத்தமாக வாங்கி விலையைக் கீழே கொண்டுவந்தது. நாலு தடவை காயில் கட்டின பழைய ஃபேன்களும், சுவரில் பெட்டி மாதிரி நிற்கிற பழைய ரெகுலேட்டர்களும் இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. அந்தப் பெட்டி ரெகுலேட்டர் வேகத்தைக் குறைத்தாலும் மிச்சமாகிற கரண்டைச் சூடாக்கி வீணடிக்கும்.

ஏசி வைத்த வீடுகளுக்கு வேறு கதை. ஒன்றரை டன் ஏசி மணிக்குச் சராசரியாக ஒரு யூனிட் என்றே வைத்துக்கொள்வோம். ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 480 யூனிட். வீட்டின் மற்றச் செலவையும் சேர்த்தால் 500 யூனிட்டைத் தாண்டிவிடும், தாண்டினால் கட்டணப் படி மாறி மொத்த பில்லும் எகிறும். 2020 ஜனவரி முதல் விற்கிற ஏசிகள் போட்டதும் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்று பணியகம் சொல்கிறது. மேல்மாடியில் அதன்படி நடக்க முடியாது. 24-இல் வைத்தும் அறை குளிரவில்லை என்று 18-க்கு இறக்குகிறார்கள், தளம் சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கிறது. இந்த வீட்டில் கூரையைச் சரிசெய்யாமல் ஐந்து நட்சத்திர ஏசி வாங்கி மாட்டுவது பணத்தை வீணாக்குவது. வாடிக்கையாளரிடமும் இதைத்தான் சொல்கிறேன். குறுகலான சந்துகளில் எதிரெதிர் வீட்டு அவுட்டோர் யூனிட்கள் ஒன்றன்மேல் ஒன்று அனலை ஊதிக்கொண்டிருக்கின்றன. அந்தச் சந்தில் ஏசி இல்லாத வீட்டின் ஜன்னலைத் திறக்க முடிவதில்லை. அந்த வீட்டாரின் நிலையையும் தயவுசெய்து யோசியுங்கள்.

ஆபத்தான ஒரு பழக்கத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சூடு தாங்காமல் ஷீட்டுக்கு அடியில் தெர்மாகோல் ஒட்டுகிறார்கள். அதன்மேலேயே ஒயர் ஓடுகிறது, அந்த ஒயர் ஏசிக்கு ஏற்ற பருமனில் இருக்காது. லோடு ஏறினால் ஒயர் சூடாகும். தெர்மாகோல் தீப்பிடித்தால் உருகிச் சொட்டும், புகை ஆளைக் கொல்லும். தணிக்கைக்குப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியவற்றில் இது ஒன்று. மிச்சம் பிடிப்பதைவிட உயிர் முக்கியம்.

சரி, இதை யார் செய்வது? புதூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. எலக்ட்ரீஷியன் படிப்பை முடித்த பையன்களும் பெண்களும் வேலை தேடி அலைகிறார்கள். தியாகராசர் பொறியியல் கல்லூரியில் மின்னியலும் கட்டடக் கலையும் சொல்லிக்கொடுக்கிறார்கள். காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆற்றல் துறையே இருக்கிறது. ஆசிரியர்கள் பாடத்தையும் படிவத்தையும் தயாரித்துக் கொடுத்தால், ஐ.டி.ஐ. பிள்ளைகள் வீடு வீடாகப் போகலாம். கூடவே எங்களை மாதிரித் தெருவில் வேலை பார்க்கிறவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எந்த வீட்டில் எந்த வருஷத்து வயரிங் என்று எங்களுக்குத் தெரியும். தேவைப்படும் கருவிகள் எல்லாம் ஒரு பையில் அடங்கும். வீட்டாரிடம் ஏசி இருந்தால் ஒரு சிறு கட்டணம் வாங்கலாம், மற்றவர்களுக்கு இலவசமாக இருக்க வேண்டும்.

எந்த வீட்டுக்கு முதலில் போவது என்பதில்தான் தவறு நடக்க வாய்ப்பு அதிகம். கணக்கீட்டாளர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மீட்டரையும் பார்க்கிறார். கோடையில் எந்த வீட்டு ரீடிங் இரட்டிப்பாகிறது என்பது மின் பகிர்மானக் கழகத்தின் கணினியில் இருக்கிறது. வீட்டாரின் சம்மதத்தோடு அதைப் பயன்படுத்தலாம். ஆனால் அதை மட்டும் நம்பினால் மிக மோசமான வீடுகள் விட்டுப்போகும். ஷீட்டுக்குக் கீழே ஒரு ஃபேனும் ஒரு பல்பும் வைத்திருக்கிற பாட்டியின் மீட்டர் கோடையிலும் பெரிதாக ஏறாது. அவர் செலவழிப்பதில்லை, உடம்பால் தாங்கிக்கொள்கிறார். அந்த வீடுகளை வார்டு உறுப்பினர்கள்தான் காட்டிக்கொடுக்க வேண்டும். பகுதி சபைக் கூட்டத்தில் கேளுங்கள், பத்து நிமிஷத்தில் பட்டியல் வந்துவிடும்.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. இறப்பதற்குமுன் அந்தக் கூரைக்குச் செலவிட வேண்டியது அதில் மிகச் சிறு பங்கு. வெப்பத் தடுப்புக்கென்று வருகிற நிதியில் மதுரைக்கு இந்த வேலையைக் கேளுங்கள். மற்ற ஊர்கள் இதைத் தொடங்கிவிட்டன. அகமதாபாத் 2013-இலேயே வெப்பச் செயல்திட்டம் போட்டது, பிறகு குடிசைப் பகுதிகளில் கூரைகளுக்கு வெள்ளை அடித்தது. தெலங்கானா 2023 முதல் 2028 வரைக்கும் குளிர்கூரைக் கொள்கையே, அதாவது வெயிலைத் திருப்பி அனுப்பும் கூரைகளுக்கான கொள்கையே, வெளியிட்டிருக்கிறது. நம் மாநிலத்திலும் அரசுப் பள்ளிக் கட்டடங்களுக்குக் குளிர்கூரைப் பூச்சு அடிக்கும் வேலை எடுக்கப்பட்டிருக்கிறது. மதுரையில் மாநகராட்சிப் பள்ளிகள், அங்கன்வாடிகள், நகர்ப்புற சுகாதார நிலையங்கள், மாநகராட்சி அலுவலகமான அண்ணா மாளிகையின் மேல்தளம் ஆகியவற்றில் முதலில் செய்து, முன்னும் பின்னும் சீலிங் சூட்டை அளந்து வாசலில் எழுதிப் போடுங்கள். பிள்ளையைப் பள்ளிக்கு விட வரும் அம்மா அதைப் படித்துவிட்டுத் தன் வீட்டுக்கும் கேட்பார்.

மின் பகிர்மானக் கழகத்துக்கு இதில் நஷ்டம் இல்லை. 2024 மே 2-ஆம் தேதி மாநிலத்தின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதுவரை அப்படி ஒரு உச்சம் வந்ததில்லை. அந்த மாதிரி நாட்களில் வெளியிலிருந்து வாங்குகிற கரண்டுக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று உங்களுக்குத் தெரியும். தெருக்களில் ராத்திரி ஒன்பது மணிக்கு டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் போய், ஊழியர் இருட்டில் ஏறி நிற்பதை நான் பார்க்கிறேன். ஒவ்வொரு கூரையும் குளிர்ந்தால் அவர் தலையில் இருக்கிற பாரமும் குறையும்.

வேலையை எப்படிச் செய்வது என்பதிலும் சில வார்த்தைகள். சுண்ணாம்பு மலிவு, ஆனால் ஒன்றிரண்டு மழைக்காலத்தில் கரைந்துவிடும், மறுபடி அடிக்க வேண்டும். ரப்பர் மாதிரி படியும் குளிர்கூரைப் பூச்சு விலை கூடுதல், சில வருஷம் நிற்கும், தூசி படிந்தால் கழுவ வேண்டும். மாடியில் வற்றல் காயப்போட்டு, துணி காயப்போட்டு நடமாடுகிற வீட்டுக்கு இரண்டும் தேய்ந்துவிடும். அங்கே வெள்ளைத் தட்டோடோ, டைல்ஸ் கடையில் உடைந்து கிடக்கிற வெள்ளைத் துண்டுகளோ பதிப்பதுதான் என் அபிப்பிராயத்தில் சிறந்தது. விரிசலை அடைக்காமல் மேலே பூசினால் அடுத்த ஐப்பசியில் பூச்சு உரிந்து வந்துவிடும். ஆஸ்பெஸ்டாஸைக் காய்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது, அதன் இழை நுரையீரலைக் கெடுக்கும். ஷீட்டின்மேல் நேராகக் கால் வைத்தால் உடைந்து ஆள் விழுவார், பலகை போட்டுத்தான் ஏற வேண்டும். ஒப்பந்தப் பத்திரத்தில் இவை எல்லாம் இருக்கட்டும். சதுர அடிக்கு இவ்வளவு என்று மட்டும் பணம் கொடுக்காமல், சீலிங் சூடு எத்தனை டிகிரி குறைந்தது என்று அளந்து பார்த்துக் கொடுங்கள்.

சோலாரைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒன்று. 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாயும் மானியம் கிடைக்கிறது. நல்ல திட்டம், நானும் மாட்டிக் கொடுக்கிறேன். ஆனால் முதலில் கூரையும் ஃபேனும் சரியானால் 3 கிலோவாட் கேட்டவருக்கு இரண்டே போதும். தணிக்கைத் தாள் கையில் இருந்தால் எவ்வளவு வேண்டும் என்று விற்பவர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இந்த வேலைக்கு ஏற்ற காலம் தை, மாசி. மழை நின்று தளம் காய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. அதற்குள் ஆட்களைப் பழக்க வேண்டும் என்றால் புரட்டாசிக்குள் மாமன்றத்தில் தீர்மானம் வர வேண்டும். நூறு வார்டிலும் ஒரே நேரத்தில் தொடங்க முடியாது என்று எனக்குத் தெரியும். செல்லூர்ப் பக்கம் ஒன்று, ஜெய்ஹிந்துபுரத்தில் ஒன்று, எல்லீஸ் நகர் அடுக்குமாடிகள் இருக்கிற வார்டு ஒன்று என்று மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றும் மூன்று விதமான கூரை. ஒரு கோடை முழுக்க அளந்த பிறகு மற்ற வார்டுகளுக்குப் போகலாம். வீடு காட்டவும் பிள்ளைகளுக்குக் கருவி பிடிக்கச் சொல்லிக்கொடுக்கவும் நான் சம்பளமில்லாமல் வருகிறேன். என்னோடு வேலை பார்க்கிறவர்களிடமும் பேசிவிட்டேன், அவர்களும் வருகிறார்கள்.

இப்படிக்கு,
செல்லூரிலிருந்து ஓர் எலக்ட்ரீஷியன்